அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து ஆய்வுகளை வகுக்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். ரிக்டர் மாற்றம் அடைந்தவர்கள் சேர முடியாது என்று ஆய்வு விதிகளில் வரும் ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன். ரிக்டர் மாற்றம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாரிஸ் ரிக்டர் 1928-லேயே எழுதி வைத்த விஷயம் அது. சிஎல்எல் என்ற, பெரும்பாலும் மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய் உள்ள 100 பேரில் 2 முதல் 10 பேருக்கு அது வேகமான லிம்போமாவாக, அதாவது நிணநீர்ப் புற்றுநோயாக, மாறுகிறது. அந்தச் சிலரில் என் அப்பாவும் ஒருவர்.

ஒன்பது வருடம் சிஎல்எல்லோடு இருந்தார், பாதி நாள் மருந்துகூட இல்லாமல், ரத்தப் பரிசோதனையோடு சரி. அப்புறம் கழுத்தில் நெறி கட்டியது. முதல் வாரம் சட்டையின் மேல் பட்டன் இறுக்கியது, மூன்றாவது வாரம் போடவே முடியவில்லை. ராத்திரியில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதியின் அளவு ஏறியது, பெட் ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது, பயாப்ஸியில் டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா என்ற வேகமான வகை என்று வந்தது. ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சை கொடுத்தார்கள், கட்டி கரைந்த வேகத்திலேயே திரும்பி வந்தது.

இனி ஏதாவது ஆய்வில் சேர முடியுமா பாருங்கள் என்றார் மருத்துவர். சிஎல்எல் ஆய்வு ஒன்றின் விதிகளில் ரிக்டர் மாற்றம் அடைந்தவர்கள் சேர முடியாது என்று இருந்தது. லிம்போமா ஆய்வு ஒன்றில் முன்பு சிஎல்எல் இருந்தவர்கள் சேர முடியாது என்று இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் படித்துவிட்டு, "அப்ப எனக்கு இருக்கிறது எந்த நோய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

இவர்களையும் சேர்த்தால் முடிவுகள் குழம்பும் என்பீர்கள். புரிகிறது. அப்படியானால் தனிக் குழுவாக வையுங்கள். பிர்டோப்ரூட்டினிப் என்ற மருந்தைச் சோதித்த ப்ரூயின் ஆய்வில் ரிக்டர் நோயாளிகளுக்கு இடம் கொடுத்தார்கள், முடியாத காரியம் இல்லை. ஆர்-சாப்போடு இவர்கள் எவ்வளவு நாள் தாங்குகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், பலருக்கு ஒரு வருடம்கூட இல்லை. புது மருந்து யாருக்கு அவசரமோ அவர்களையே வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்? இவர்கள் யாரும் ஆய்வுக்குள் வராவிட்டால் இவர்களுக்கு எது வேலை செய்யும் என்று எப்போது தெரியப்போகிறது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். அடுத்த ஆய்வின் விதிகளை எழுதும்போது அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் தனிக் குழு ஒன்றைச் சேருங்கள். தயவுசெய்து, இந்த வருடத்திலேயே.