கவுன்சிலர் கையில் கொடுக்கும் மனு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் தெரு நலச்சங்கத்துக்கு உன்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று படித்ததில் எனக்கும் அம்மாவுக்கும் சந்தோஷம். வார்டு கவுன்சிலரிடம் கொடுக்க நீ எழுதிய மனுவையும் படித்தேன். இரண்டு பக்கத்தில் பதினொரு குறைகள். எல்லாம் உண்மையான குறைகள்தான். ஆனாலும் இந்த மனுவைக் கொடுக்காதே, கொஞ்சம் பொறு. மழைநீர், தெருவிளக்கு, குடிநீர் நாற்றம், கேபிள் தொங்குவது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் அந்தத் தாள் எந்த மேசைக்கும் போய்ச் சேராது. கவுன்சிலர் அதை மண்டல அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கே ஒருவர் தனக்குரிய ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார். ஒரு குறைக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொள்.

எது யாருடைய வேலை என்பதை முதலில் பிரித்துவிடு. மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, தெருவிளக்கு, குப்பை, பூங்கா, கொசு, தெருநாய் எல்லாம் சென்னை மாநகராட்சி. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியம், அதாவது நாம் மெட்ரோவாட்டர் என்று சொல்வது. மின்கம்பி, மின்பெட்டி எல்லாம் மின்வாரியம். மின்வாரியக் கம்பத்தில் மாட்டியிருந்தாலும் தெருவிளக்கு மாநகராட்சியுடையது. இதில்தான் நிறையப் பேர் தவறான இடத்துக்குப் போகிறார்கள். தெருவின் நடுவே வட்ட மூடி இருந்தால் பெரும்பாலும் அது சாக்கடை மேன்ஹோல். ஓரமாகச் செவ்வகச் சிமெண்ட் பலகைகள் வரிசையாக இருந்தால் மழைநீர் வடிகால். உங்கள் தெரு போய்ச் சேரும் பெரிய சாலை மாநகராட்சியின் பேருந்துச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்றும் உங்கள் வார்டைப் பார்க்கும் மாநகராட்சி உதவிப் பொறியாளரிடம் கேட்டு வைத்துக்கொள். நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அதன் ஓர வடிகாலையும் அவர்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் பகுதி 2011-இல் சென்னையோடு சேர்ந்தது. அந்த ஆண்டுதான் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. அப்படிச் சேர்ந்த இடங்களில் பல ஊராட்சிகளாகவும் பேரூராட்சிகளாகவும் இருந்தவை. வீடுகள் முதலில் வந்து, வடிகாலும் சாக்கடைக் குழாயும் பின்னால் வந்த ஊர்கள். அதனால் தெரு மட்டமும் வடிகால் மட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பது அங்கே சகஜம். உன் பட்டியலில் முதலில் கையில் எடுக்க வேண்டியது மழைநீர்தான், ஐப்பசி பிறந்துவிட்டால் அதற்கு எதுவும் செய்ய முடியாது.

"மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது" என்று எழுதாதே. ஏன் தேங்குகிறது என்பது நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அடுத்த கோடை மழை பெய்து நின்ற ஒரு மணி நேரத்தில் குடையோடு தெருவை ஒரு நடை நடந்து பார். வடிகாலின் மூடியைத் திறப்பதற்குச் சங்கத்து ஆட்கள் போக வேண்டாம். அதைப் பணியாளர்களை வைத்து உதவிப் பொறியாளர் முன்னிலையில் திறக்கச் சொல். இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலே நிறையத் தெரியும். சாலையில் தண்ணீர் நிற்கிறது, வடிகாலுக்குள் நீர்மட்டம் கீழே இருக்கிறது என்றால் வடிகாலில் குற்றமில்லை. சாலை நீர் உள்ளே இறங்கும் வாய்கள் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கின்றன, அல்லது சாலையின் சரிவு அந்த வாயை நோக்கி இல்லை. வாய் அடைப்பென்றால் இரண்டு பணியாளர் அரை நாளில் சரிசெய்யும் வேலை, அதற்கு மாநகராட்சி மன்றம் வரை போக வேண்டியதே இல்லை.

வடிகாலும் விளிம்பு வரை நிரம்பி அசையாமல் நிற்கிறது என்றால் கீழ்முனையில் கோளாறு. எங்கே போய் விழுகிறது என்று வடிகாலை ஒட்டியே நடந்து பார்க்க வேண்டும். சில இடங்களில் இரண்டு துண்டு வடிகாலுக்கு நடுவே பத்து இருபது மீட்டர் கட்டாமல் விட்டிருப்பார்கள். கவுன்சிலர்களும் பொறியாளர்களும் இதை 'மிஸ்ஸிங் லிங்க்' என்பார்கள். மின்பெட்டியோ மரமோ ஒரு வீட்டு மதிலோ குறுக்கே வந்து வேலை நின்றுபோன இடமாக அது இருக்கும். அந்த இடத்தின் இரு பக்கக் கதவு எண், விடுபட்ட நீளம், குறுக்கே நிற்பது என்ன என்ற மூன்றையும் எழுதினால் அந்த மனு தனியாகவே எஸ்டிமேட்டுக்கு, அதாவது செலவு மதிப்பீட்டுக்குப் போகும். இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் நிற்கிறதென்றால் வண்டல். அரை வடிகால் வண்டலாக இருந்தால் கொள்ளளவும் பாதிதான். தூர்வாரும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. நீர் போய் விழும் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும், இல்லையென்றால் மேலே கிளறிய மண் கீழே போய்ப் படியும். எடுத்த வண்டலை ஓரத்தில் குவித்துக் காயவிட்டால் இரண்டொரு நாளில் அள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். அடுத்த மழை வந்தால் அது முழுக்க மறுபடியும் உள்ளே போய்விடும்.

நான்காவது காரணத்தைக் கோடையில்தான் கண்டுபிடிக்க முடியும். மழையே இல்லாத இந்த வைகாசியில் வடிகாலில் கருப்பாக நீர் ஓடினால் யாரோ வீட்டுக் கழிவுநீரை அதில் விட்டிருக்கிறார்கள். சாக்கடை இணைப்பு வராத வீடுகளிலும் அடுக்ககங்களிலும் இது நடக்கும். வடிகால் எப்போதும் பாதி நிறைந்திருக்கும், கொசு பெருகும், மழை வந்ததும் தெருவுக்கு ஏறும். இதை மனுவில் எழுதும்போது அண்டை வீட்டார் பெயரை எழுதாதே. எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை நீர் ஓடுகிறது என்று மட்டும் எழுது. ஆய்வு செய்து அடைப்பது அதிகாரிகளின் வேலை. நீங்கள் எல்லோரும் ஒரே தெருவில் வாழ வேண்டியவர்கள்.

சாலைக்கு வருகிறேன். புதுத் தார்ச்சாலை வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதைக் கேட்கும் முன் குடிநீர் வாரியத்தின் உங்கள் வார்டு அலுவலகமான டிப்போவில் ஒரு கேள்வி கேள்: அடுத்த ஓராண்டில் இந்தத் தெருவில் குழாய் வேலை ஏதாவது உண்டா? சாக்கடைக் குழாய், குடிநீர்க் குழாய், மின்கேபிள், வடிகால் எல்லாம் முடிந்து கடைசியில்தான் சாலை. வரிசை மாறினால் ஆறு மாதத்தில் வெட்டிவிடுவார்கள். வெட்டிய பள்ளம் ஏன் திரும்பத் திரும்ப இறங்குகிறது தெரியுமா? தோண்டிய மண்ணையே மொத்தமாகத் தள்ளி மேலே சமன் செய்துவிடுகிறார்கள். அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கி, மேலே ஈரக் கலவை ஜல்லி போட்டு உருட்டி, பிறகுதான் தார் போட வேண்டும்.

சாலை போடும்போது பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். மில்லிங் என்பார்கள். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதைச் சாலை போடும் துறைகளுக்கு உத்தரவாகவே அனுப்பினார். சுரண்டாமல் 40 மில்லிமீட்டர் தளத்தை மூன்று முறை மேலே மேலே போட்டால் தெரு 12 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். தெரு உயர உயர வீட்டு வாசல் பள்ளமாகும். பிறகு எந்த வடிகாலாலும் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வருவதைத் தடுக்க முடியாது. அதனால் மனுவிலேயே "மில்லிங் செய்து, இப்போதைய மட்டம் மாறாமல்" என்று எழுது. சாலையின் நடு ஓரத்தைவிடச் சற்று மேடாகவும் இருக்க வேண்டும். 6 மீட்டர் அகலத் தெரு என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு 3 மீட்டர். 2.5 விழுக்காடு சரிவு வைத்தால் 7.5 சென்டிமீட்டர் இறக்கம் வரும். நூல் பிடித்துப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். உங்கள் பக்கத்துக் கடமை ஒன்றும் உண்டு: வேலை நடக்கும் நாளில் தெருவில் ஒரு கார் நிற்கக் கூடாது. கார் நின்ற இடத்தைச் சுரண்டவும் முடியாது, உருளை ஓட்டவும் முடியாது. அங்கேதான் முதல் பள்ளம் விழும்.

தெருவிளக்கு சின்ன வேலை. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் அந்த விளக்கிலோ அதன் இணைப்பிலோ பழுது. வரிசையாக எல்லாம் அணைந்திருந்தால் அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பில்லர் பெட்டியிலோ நிலத்தடிக் கேபிளிலோ பழுது. சமீபத்தில் யாராவது பள்ளம் தோண்டியிருந்தால் அதையும் எழுது, கேபிள் அறுந்திருக்கும். இதற்கெல்லாம் 1913-க்குப் போன் செய், அல்லது 'நம்ம சென்னை' செயலியில் படத்தோடு பதிவு செய். புகார் எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வை. சரிசெய்யாமலே "முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தால் அன்றைக்கே இன்னொரு படம் எடுத்து மறுபடி பதிவு செய். அந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் கவுன்சிலருக்குப் பலம்.

குடிநீரில் நாற்றம் என்பதற்கு மட்டும் மனு எழுதிக்கொண்டு உட்காராதே. அன்றைக்கே வாரியத்தின் 1916 எண்ணில் சொல். எல்லா வீட்டிலும் அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்தச் சொல். தொட்டியில் கலந்துவிட்டால் தொட்டியையும் கழுவ வேண்டும். தண்ணீர் விட்டுவிட்டு வரும் குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில், விரிசல் வழியே சுற்றியிருக்கும் அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இருந்தால் இழுவை இன்னும் அதிகம். அதைத் தெருவில் உள்ளவர்களிடம் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தெந்த வீட்டில் நாற்றம் என்று கதவு எண் வாரியாகக் குறி. திறந்த முதல் பத்து நிமிடம் மட்டும் கலங்கலா, கடைசி வரை கலங்கலா என்றும் குறி. ஒன்றிரண்டு வீட்டில் முதலில் மட்டும் என்றால் அந்த வீட்டு இணைப்புக் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். தெரு முழுக்கக் கடைசி வரை என்றால் பெரிய குழாய். இந்தக் குறிப்பு இருந்தால் தோண்ட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்க வேண்டும். பரிசோதித்துக் காட்டும்படி கேள். அப்படியும் தீராவிட்டால் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் குறைகேட்புக் கூட்டம் நடக்கும், நேரில் போ.

இப்போது கவுன்சிலர். அவர் பெண் என்று எழுதியிருந்தாய். மனுவை அவர் கையிலேயே கொடு, பேச்சும் அவரோடுதான். வீட்டில் வேறு யாராவது "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் மரியாதையாக அவருக்காகக் காத்திரு. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்ததன் பயன், அவரிடமே பேசுவதில்தான் இருக்கிறது. அவரால் குடிநீர் வாரியத்துக்கோ மின்வாரியத்துக்கோ உத்தரவு போட முடியாது, எந்த அதிகாரியையும் மாற்ற முடியாது. ஆனால் மண்டலக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம், மன்றத்தில் கேள்வி நேரத்திலும், 'ஜீரோ ஹவர்' என்கிற நேரமில்லா நேரத்திலும் எழுப்பலாம், வார்டு மேம்பாட்டு நிதியில் சின்ன வேலைகளைச் சேர்க்கலாம். மன்றத்தில் அவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் வாசிக்கக்கூடிய அளவுக்கு இப்படி எழுதிக்கொடு:

"இந்தத் தெருவில் கதவு எண் 14 முதல் 31 வரை, 110 மீட்டர் நீளத்துக்கு, கடந்த மழையில் 20 செ.மீ. உயரம் தண்ணீர் 2 நாள் நின்றது. வடிகால் கதவு எண் 31 எதிரே 12 மீட்டர் இணைக்கப்படாமல் உள்ளது. குறுக்கே மின்பெட்டி ஒன்று உள்ளது. புகார் எண்கள் இரண்டு இணைக்கப்பட்டுள்ளன. மின்பெட்டியை நகர்த்த மின்வாரியத்துக்கு மாநகராட்சி கடிதம் எழுதியதா, இணைப்பை ஆகஸ்டுக்குள் முடிக்க இயலுமா எனத் தெரிவிக்கவும்."

எண்களை நீ அளந்து போட்டுக்கொள். கடைசி வரியைப் பார்: ஆமா, இல்லையா என்று பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. இரண்டு பிரதி எடு, ஒன்றில் தேதியோடு ஒப்புகை வாங்கு. பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் ஏரியா சபைக் கூட்டம் உங்கள் வார்டில் எப்போது என்றும் கேட்டு வை. 2022 முதல் அந்தச் சபைகள் இருக்கின்றன, வாசலில் நின்று சொல்வதைவிட அங்கே சொல்லி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றினால் கணக்கில் இருக்கும். வேலை முடிந்தது என்று சொல்லியும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு எஸ்டிமேட், செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் இந்த மூன்றின் நகலைக் கேள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் அதை முதல் ஆயுதமாக எடுக்காதே. உதவிப் பொறியாளரிடம் ஒருமுறை நேரில் போய்ப் பேசிவிட்டு, அவருக்கு என்ன தடை என்று கேட்ட பிறகு எடு. பல நேரம் அவர் கையில் ஆளும் இருக்காது, நிதியும் வந்திருக்காது. அதையும் கவுன்சிலர் மன்றத்தில் சொல்லலாம்.

எதை எப்போது கேட்பது என்பதும் முக்கியம். புது வடிகால், புதுச் சாலை எல்லாம் தை மாதத்தில் கேட்க வேண்டியவை, பட்ஜெட் மாசி பங்குனியில் வந்துவிடும். தூர்வாரக் கேட்பது ஆனி ஆடியில். இப்போதிருந்து பார்த்தால் உனக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதனால் பதினொன்றில் மழைநீரை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை எடு. உன்னிடம் இருப்பது மூன்று மீட்டர் டேப், அது போதாது. 30 மீட்டர் டேப் ஒன்று வாங்கிக்கொள், பிடிக்க ஓர் ஆளையும் கூட்டிக்கொள். அளந்ததைத் தெரு வரைபடமாகக் காகிதத்தில் போட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பு. மனுவைப் பிறகு சேர்ந்து எழுதலாம்.

வெயிலில் தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா