மிஸ் போய்விட்டார்கள், வள்ளி

அன்புள்ள வள்ளிக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லாயிருக்கியா? தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தானே போடுகிறாய்? போட்டு அரை மணி நேரத்துக்குக் காபி குடிக்காதே, டாக்டர் சொன்னதை நீ பாதிதான் கேட்பாய். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி பழைய மாதிரிதான், நடக்கச் சொன்னால் பேப்பரை விரித்து வைத்துக்கொள்கிறார். நீ போன் எடுத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது என்று அவர்தான் சொன்னார், நான் எண்ணவில்லை. ஆபீசில் வேலை இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையைக் கேட்டதாக

சரி, அதை விடு. மிஸ் போய்விட்டார்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எந்த மிஸ் என்று கேட்காதே. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது "அம்மா, நீ கதை எழுதுவியாமே, மாமா சொன்னாங்க" என்று பிடித்துக்கொள்வாய், நானும் "காலேஜ்ல ஒரு மிஸ் இருந்தாங்க" என்று ஆரம்பித்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேனே, அந்த மிஸ். போன மாதம் தவறிவிட்டார்கள். சேதி எனக்கு எட்டாம் நாள்தான் வந்தது. துட்டி கேட்கச் சிந்துபூந்துறைக்குப் போனேன். அப்பா வரவில்லை, முட்டி.

வீட்டில் மிஸ்ஸின் தங்கை மகன் மட்டும் இருந்தார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு அந்தத் தெருவுக்குள் வந்தபோது அலமாரியில் கீழ்த்தட்டு இரண்டும் முங்கிவிட்டதாம், காயவைத்தும் ஒட்டிக்கொண்ட புத்தகங்களை மிஸ் தூக்கிப் போட விடவில்லையாம், செங்கல் மாதிரி அப்படியே அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்றாவது தட்டில் இருந்த புதுமைப்பித்தன் தொகுப்புக்கு அடி ஓரத்தில் மட்டும் செம்மண் கறை, பட்டுச் சேலைக்குக் கரை வைத்த மாதிரி ஒரே சீராக. "உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்கம்மா, எடைக்குத்தான் போடணும்" என்றார். எடுத்துக்கொண்டேன். உள்ளே முழுக்க மிஸ்ஸின் பென்சில்.

உனக்கு இதெல்லாம் சொன்னதில்லை. 1985இல் நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன், பாளையங்கோட்டையில்தான். கதை எழுதச் சொல்லித் தருவது எல்லாம் பாடத்திட்டத்தில் கிடையாது. மிஸ் எங்களுக்கு எடுத்தது இங்கிலீஷ் நாவல். ஆனால் வியாழக்கிழமை கடைசி மணி அடித்த பிறகு, இஷ்டப்பட்டவர்கள் இருங்கள் என்று சொல்லித் தமிழில் கதை எழுத வைப்பார்கள். முதல் வாரம் பதினோரு பேர் இருந்தோம், பொங்கல் லீவு முடிந்து வந்தபோது நான்கு பேர். மற்றவர்களுக்கு பஸ்.

முதல் வேலையாகச் சுலோச்சன முதலியார் பாலத்தில் போய் நின்று பார்த்துவிட்டுப் பத்து வரி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். அழகு, சோகம் இரண்டு வார்த்தையும் கூடாது. நான் ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, 1843இல் திறந்த பாலம், ஒரு சிரஸ்தார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது, தாமிரபரணி, பொதிகை மலை என்று ஒரு பக்கம் நிரப்பிக்கொண்டு போனேன். அதற்குள் எங்கேயோ, செயின் அறுந்த சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் நடந்து போனார், ஹேண்டில்பாரில் தொங்கிய தூக்குச்சட்டி மட்டும் சாயாமல் இருக்க இன்னொரு கையால் பிடித்திருந்தார் என்று ஒரு வரி. மிஸ் சிரஸ்தாரை அடித்தார்கள், மலையை அடித்தார்கள், ஆற்றை அடித்தார்கள். தூக்குச்சட்டி மிஞ்சியது. "ஏட்டி, இது நீ பாத்தது. மத்ததெல்லாம் படிச்சது" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்தப் பக்கத்தைப் பாடப் புத்தகத்தைப் பார்த்துப் பாதி ராத்திரி வரைக்கும் எழுதியிருந்தேன்.

மிஸ்ஸிடம் எல்லாம் இப்படித்தான். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886இல் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினாராம்: நிலா வெளிச்சத்தைக் காட்ட வேண்டுமென்றால் அணைக்கட்டில் உடைந்து கிடக்கிற பாட்டில் துண்டு மினுங்குவதை எழுது, ஒரு நாயின் நிழல் உருண்டு ஓடுவதை எழுது, போதும் என்று. அதைச் சொல்லிவிட்டு மிஸ் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, இங்கே பாட்டிலுக்குப் பதில் என்ன என்று எங்களைக் கேட்பார்கள். நம் ஊர்க்காரர் புதுமைப்பித்தன், கடவுளையே மதராசுக்குக் கூட்டி வந்தவர். ஆனால் அந்தக் கதையில் கந்தசாமிப் பிள்ளை முதலில் பிராட்வே முனையில் நின்றுகொண்டு டிராமுக்கு எவ்வளவு, வெற்றிலைக்கு எவ்வளவு என்று காலணாவைத்தான் எண்ணுகிறார். "காலணாவை நம்ப வச்சதாலதான் கடவுளையும் நம்புதோம்" என்று மிஸ் அடிக்கடி சொல்வார்கள். இப்போது என் கையில் இருக்கிற புத்தகத்தில் அந்த இடத்தில் ஓரமாகப் பென்சிலில் ஒரு சின்ன வட்டம். எழுத்து ஒன்றும் இல்லை, காசு மாதிரி ஒரு வட்டம் மட்டும்.

சரி, நான் எதற்காக ஆரம்பித்தேன் என்றால், அந்தக் கடைசி வருஷத்துக் கதை.

உனக்குத் தெரிந்த சங்கரி ஆச்சி, யாரிடமும் பேசாமல் முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். உன்னை மட்டும்தான் மடியில் வைத்துக்கொள்வாள். பம்பாய்க்குப் போன அவள் வீட்டுக்காரர் பிறகு வரவில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பதினாலு வயசில் ஒரு நாள் ஆச்சி என்னை மச்சுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு இன்லேண்ட் லெட்டரை நீட்டி, "மேல என் பேரு விலாசம் எழுது, உன் எழுத்து மாதிரி இல்லாம சாய்ச்சு எழுது" என்றாள். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. ஒட்டி, அவளே கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டாள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தது. "பம்பாயிலேர்ந்து வந்திருக்கு" என்று திண்ணையில் பக்கத்து வீட்டு ஆட்களுக்குக் கேட்கிறாற்போலச் சொல்லிவிட்டு உள்ளே எடுத்துப்போய்விட்டாள். மாதம் ஒன்று. ஆறு வருஷம் நான்தான் சாய்த்து எழுதினேன். முத்திரை பாளையங்கோட்டை முத்திரை. தபால்காரர் அதைக் குத்தியிருக்கிற பக்கம் கீழே போகிற மாதிரித் திருப்பித்தான் கையில் கொடுப்பார்.

இதை எழுதினேன். பேரை மாற்றினேன், பம்பாயைக் கல்கத்தா ஆக்கினேன். மிஸ் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நான் எழுதியிருந்த தபால் முத்திரையைப் பென்சிலால் சுழித்து, "இங்கேருந்து ஆரம்பி" என்றார்கள். அப்புறம் கேட்டார்கள், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், "மலர்ல போடலாமா? வீட்ல யாரும் வருத்தப்பட மாட்டாங்களே?" என்று கேட்டார்கள். இரண்டு தடவை. நான் "மாட்டாங்க மிஸ், அவங்களுக்கு இதெல்லாம் படிக்கத் தெரியாது" என்றேன். ஆச்சி எட்டாம் வகுப்பு படித்தவள்.

1988 கல்லூரி மலரில் வந்தது. ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. தாத்தா என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார். "மிஸ்தான் எழுதச் சொன்னாங்க, வீட்டு விஷயத்தைத்தான் எழுதணும்னு சொன்னாங்க, நான் மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றேன்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை வள்ளி, உன் அப்பாவிடம் கூட.

சனிக்கிழமை சாயங்காலம் மிஸ்ஸே வீட்டுக்கு வந்தார்கள். தாத்தா உட்காரச் சொல்லவில்லை. குடையை மடக்காமல் கையில் வைத்துக்கொண்டே படியில் நின்றார்கள் என்று பிறகு மாமா சொன்னான், நான் பார்க்கவில்லை. நான் அடுக்களையில் ஆட்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மாவு எப்போதோ ஆட்டி வழித்தாகிவிட்டது, வெறும் கல்லைச் சுற்றினேன், அந்தக் கடகடச் சத்தத்தில் வாசல் பேச்சு காதில் விழாது என்று. ஆனாலும் விழுந்தது. "வீட்டுக் கதையைத் தெருவுக்குக் கொண்டாரச் சொல்லிக் குடுக்கத்தான் சம்பளம் வாங்குதியளா?" என்று தாத்தா கேட்டதும் விழுந்தது, "தப்பு என்னுதுதான் சார், பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று மிஸ் சொன்னதும் விழுந்தது. ஒரு வார்த்தை. "உங்க மககிட்ட ரெண்டு தடவை கேட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் என்னைப் பார்த்து எப்போதும் போலச் சிரித்தார்கள். நான்தான் அதற்குப் பிறகு வியாழக்கிழமை இருக்கவில்லை.

ஆச்சி என்னைத் திட்டவே இல்லை. அடுத்த மாதம் லெட்டர் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. தபால்காரர் கொஞ்ச நாள் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு கால் ஊன்றி, உள்ளே பார்த்துவிட்டுப் போவார்.

மறு வருஷம் மிஸ் ஒரு கார்டு போட்டார்கள். நம் இடைசெவல் கி.ராஜநாராயணனை, பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காத மனுஷரை, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்கு ஒரே சந்தோஷம் என்று நாலு வரி. கீழே, "நீ என்ன எழுதுகிறாய்?" எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பதில் போடவில்லை. சிந்துபூந்துறை இங்கிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் வள்ளி. முப்பத்தைந்து வருஷம்.

போதும். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த ரிங் ரோட்டில் ஸ்கூட்டியில் போகாதே. மாத்திரை சொன்னேனே, வெறும் வயிற்றில்.

உன் கதையைப் படித்தேன். சித்தி மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், "பெரியம்மா, இது நம்ம வள்ளி எழுதினதுதானே" என்று. ஊர் முழுக்கப் படிக்கிறது, அம்மாவுக்கு மட்டும் அனுப்பத் தோன்றவில்லை. நாலு தடவை படித்தேன். நன்றாக இருக்கிறது. நிஜமாகவே நன்றாக இருக்கிறது, கீழே ஒருவர் முடிவு புரியவில்லை என்று எழுதியிருந்தார், அவருக்குப் பதில் போடலாம் என்று பார்த்தேன், எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. அந்த அம்மாவை எழுதப் படிக்கத் தெரியாதவளாக வைத்திருக்கிறாயே, அதுதான் கொஞ்சம் சுட்டது. ஆனால் மகள் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று சொல்கிற இடம், அம்மா "இரு, விசில் எண்ணிக்கிட்டிருக்கேன்" என்று சொல்கிற இடம், அதை நீ பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய். படித்தது இல்லை. மிஸ் இருந்திருந்தால் அந்த இடத்தைச் சுழித்திருப்பார்கள்.

ஒரு தப்பு இருக்கிறது. நாலு விசில் என்று எழுதியிருக்கிறாய். துவரம்பருப்புக்கு நான் மூணுதான் வைப்பேன். அன்றைக்கும் மூணாவது விசில் வந்துவிட்டது, நான் அடுப்பை அணைக்கவில்லை. நாலாவது வரட்டும் என்று நின்றேன். ஆமாம், நாலு சரிதான். நீ நான் எண்ணியதை எண்ணியிருக்கிறாய்.

நீ கொண்டுவந்தது பெரிய பெட்டி. நாலு நாள் லீவுக்கு யாரும் அவ்வளவு பெரிய பெட்டி கொண்டுவர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? நீ திரும்பிப் போனபோது அதில் பாதியை மச்சில் வைத்துவிட்டுப் போனாய். குளிர்காலத் துணி என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் நம்பின மாதிரி இருக்கிறார்.

தாத்தா மாதிரி யாரும் உன்னை நிற்க வைத்துக் கேட்கப் போவதில்லை. நீ எழுது. என்னை எப்படி வேண்டுமானாலும் எழுது, சேலை கலர் மட்டும் பச்சை வேண்டாம், எனக்குப் பச்சையே கிடையாது என்று உனக்குத் தெரியும்.

மிஸ்ஸுடைய புத்தகத்தை உனக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். உறை தைத்துவிட்டேன், கொரியர்காரன் கேட்பான் என்று உன் பேரையும் எழுதிவிட்டேன், சாய்க்காமல் நேராக. அதற்குக் கீழே எழுதவில்லை. என்னிடம் இருப்பது பழைய விலாசம், மாப்பிள்ளை பேர் போட்டது. அதற்கே அனுப்பவா, வேறு ஏதாவது இருக்கிறதா? போன் பண்ண வேண்டாம், கஷ்டமாக இருந்தால் விலாசத்தை மட்டும் மெசேஜில் போடு.

அம்மா