நாலு பேர் பேச்சுக்காகத் தள்ளிப்போடாதே

அன்புள்ள மகனுக்கு,

"வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டிக்கொள்கிறான் என்று நாலு பேர் பேசுவார்கள்" என்று சொல்லி, உன் எடைக்கும் சர்க்கரை நோய்க்குமான இரைப்பை அறுவை சிகிச்சையை நீ தள்ளிப்போடுவது என்னை உறங்கவிடவில்லை. பேசட்டும். நீ எத்தனை முறை பட்டினிபோல் இருந்து எடையைக் குறைத்தாய், அது எப்படித் திரும்பி வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, உடல் செலவழிக்கும் ஆற்றல் சுருங்குகிறது. இழந்ததை மீட்க உடம்பே மல்லுக்கு நிற்கும்போது உன் மன உறுதியைக் குறை சொல்வது அநியாயம்.

இந்த அறுவை சிகிச்சையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இரைப்பையைச் சிறிதாக்குவதால் உணவு குறைகிறது என்பது பாதிக் கதைதான். இரைப்பையைச் சிறிதாக்கி, உணவு சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிச் செல்லும்படி இணைக்கும் பைபாஸ் முறையைச் செய்துகொண்ட பலருக்கு, எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கிவிடுகிறது. 1995-இல் வால்டர் போரிஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். உணவு செல்லும் பாதை மாறும்போது குடலில் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்து, இன்சுலின் சுரப்பைத் தூண்டுகின்றன. அதனால்தான் இதை இப்போது எடைக் குறைப்பு என்று மட்டும் சொல்லாமல், உடல் உணவைப் பயன்படுத்தும் விதத்தையே மாற்றும் வளர்சிதை மாற்ற அறுவை சிகிச்சை என்கிறார்கள். 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், சர்க்கரை நோய் இருந்தால் உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ) 30 ஆக இருக்கும்போதே இதைப் பரிந்துரைக்கிறது.

நோய் அடியோடு போய்விடும் என்று மட்டும் நம்பிவிடாதே. தணியும், அதாவது மருந்தில்லாமலே சர்க்கரை அளவோடு இருக்கும்; சிலருக்குத் திரும்பவும் வரும். ரோமில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 37.5 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் நோய் தணிந்தே இருந்தது. மற்றவர்களுக்கும் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தது. எனக்கு இது சிறிய பலனாகத் தெரியவில்லை. ஆனால் நோய் முற்றி, இன்சுலின் சுரக்கும் செல்கள் நலிந்துபோன பிறகு செய்தால் பலன் குறைகிறது. எல்லா வழியும் அடைபட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீ இருப்பதுதான் எனக்குக் கவலை.

உனக்கு நெஞ்செரிச்சல் உண்டே, அதை மருத்துவரிடம் சொன்னாயா? இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழாய்போல் ஆக்கும் ஸ்லீவ் முறையில் அது கூடக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்குப் பைபாஸையே பெரும்பாலும் சொல்கிறார்கள். கண்ணின் விழித்திரையையும் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள். சர்க்கரை சட்டென்று இறங்கினால் ஏற்கெனவே உள்ள பாதிப்பு சிலருக்கு மோசமாகலாம். சிகரெட்டை இப்போதே விட்டுவிடு. பைபாஸ் செய்த இடத்தில் புண் வருவதற்கு அது முக்கியக் காரணம்.

பிறகு வருவதுதான் நீண்ட வேலை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாவற்றையும் ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று இரத்தப் பரிசோதனையை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. நீ அப்படிச் செய்யக் கூடாது. வாந்தி விடாமல் தொடர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போ. தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும்.

நாள் குறித்ததும் சொல், நான் புறப்பட்டு வருகிறேன். முதல் சில வாரங்கள் திரவ உணவு, பிறகு மசித்த உணவு என்று அட்டவணை தருவார்கள். அதை எனக்கும் அனுப்பிவை. அதுவரை மாத்திரைகளை நீயாகக் குறைக்காதே.

அன்புடன்,
அம்மா