ஜன்னலோரத்து மடிக்கணினி

கோண்டாவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள்,

நீ அனுப்பிய படத்தை அம்மாவும் நானும் பல தடவை பார்த்தோம். விடுதி அறை துப்புரவாக இருக்கிறது என்று அம்மாவுக்குச் சந்தோசம். எனக்கு ஒரு விடயம்தான் மனத்தில் தைத்தது. புதிய மடிக்கணினி மெத்தையின் மேல், ஜன்னல் வெயில் நேரே விழும் இடத்தில், சார்ஜர் செருகியபடி கிடக்கிறது. தொலைபேசியில் சொன்னால் ‘சரி அப்பா’ என்று சொல்லி மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்து மணித்தியாலம் நிற்கும் என்று வாங்கிய கணினி நான்கு மணித்தியாலத்தில் அணைகிறது என்று கவலைப்பட்டாய். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இப்போதே முடிவு கட்டாதே. புதுக் கணினி முதல் சில நாட்கள் நமக்குத் தெரியாமல் பின்னால் நிறைய வேலை செய்யும். மென்பொருள்களைப் புதுப்பிக்கும், கோப்புகளைத் தேடி எடுக்க வசதியாகப் பட்டியல் போடும். ஒரு கிழமை போகட்டும். பத்து மணித்தியாலம் என்பதும் திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து அளக்கிற கணக்கு. உன் பற்றரியின் கொள்ளளவு 50 வாற்று மணித்தியாலம் என்று பெட்டியில் போட்டிருந்தது. கணினி 5 வாற்று இழுத்தால் பத்து மணித்தியாலம் வரும். 12 வாற்று இழுத்தால் நான்கைத் தாண்டியதும் முடிந்துவிடும்.

இழுப்பதில் பெரும் பங்கு திரைக்குத்தான். அறைக்குள் இருந்து படிக்கப் பாதி வெளிச்சம் தாராளம். உன் திரை விநாடிக்கு 120 தடவை புதுப்பிக்கும் வகை. பாடம் படிக்கவும் எழுதவும் 60 போதும், அமைப்புகளில் மாற்றிவிடு. விசைப்பலகைக்கு அடியில் எரியும் விளக்கை அணை. கறுப்புப் பின்னணி வைத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்று உன் சிநேகிதி சொன்னது ஓ.எல்.இ.டி. திரைக்குப் பொருந்தும். அதில் கறுப்பான இடம் எரிவதே இல்லை. உன்னுடையது எல்.சி.டி., என்ன நிறம் காட்டினாலும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். உலாவியில் முப்பது பக்கங்களைத் திறந்தபடி வைத்திருக்கும் பழக்கத்தையும் விட்டுவிடு.

இவையெல்லாம் ஒரு நாள் கணக்கு. உன் நான்கு வருடப் படிப்பு முடியும்வரை அந்தப் பற்றரி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் என் பெரிய கவலை.

1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எனக்குப் பதினான்கு வயது. ரோச் பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருள். தேய்ந்த பற்றரிகளை அப்பப்பா வீசமாட்டார். சுளகில் பரப்பி, முற்றத்து வெயிலில் காயவைப்பார். பின்னேரம் எடுக்கும்போது கைக்குச் சுடும். அந்தச் சூட்டோடு ரேடியோவுக்குள் போட்டால் செய்தி கேட்டு முடிக்கும்வரை ஒருமாதிரி இழுத்துப் பிடிக்கும். அதுவும் ஓய்ந்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில் ரேடியோ பேசும். வெயில் பற்றரிக்கு உயிர் கொடுக்கும் என்று அன்று பதிந்தது இன்னும் என் கையில் இருக்கிறது. உன்னுடைய லிதியம் அயன் பற்றரிக்கு அது நேர்மாறு. சூடு பட்டால் உள்ளேயிருக்கும் இரசாயனம் விரைவாகக் கெடும், இழந்த கொள்ளளவு திரும்பி வராது. அந்தப் பற்றரியை யப்பானில் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல். நாங்கள் சுளகில் பற்றரி காயவைத்துக்கொண்டிருந்த அதே காலம்.

ஆகவே ஜன்னலோரம் வேண்டாம். மெத்தையும் வேண்டாம், கணினியின் அடியில் காற்றுப் போகும் துளைகளை அது அடைத்துவிடும். மேசையில் வை.

போன மாதம் நான் உனக்குச் சொன்ன ஒன்றையும் மாற்ற வேண்டும். ‘எப்போதும் நிறைய சார்ஜ் ஏற்றியே வைத்திரு’ என்றேன். அது கார் பற்றரியின் சட்டம். ஈய அமிலப் பற்றரியைக் குறையாக விட்டால் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டுவிடும். லிதியத்துக்கு அப்படி இல்லை. 100 சதவீதத்தில் பற்றரிக்குள் இருக்கும் ஒவ்வொரு கலமும் கிட்டத்தட்ட 4.2 வோல்ற்றில் நிற்கும். அந்த உச்சியிலேயே நாள் கணக்கில், அதுவும் சூட்டில் வைத்திருந்தால் தேய்வு கூடும். உன் கணினி அமைப்புகளில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி செய்யும் வசதி இருக்கிறதா என்று பார். இருந்தால் இன்றைக்கே போட்டுவிடு. பரீட்சை நாளிலும் பயண நாளிலும் 100 வரை ஏற்றலாம், பிழையில்லை. பூச்சியம்வரை இறக்காதே. 20 வந்ததும் செருகிவிடு. இடையிடையே ஏற்றினால் பற்றரி கெடும் என்று பயப்படாதே. பாதி பாதியாக இரண்டு தடவை ஏற்றுவது ஒரு முழுச் சுற்றுக்குத்தான் சமம்.

2022 மின்வெட்டு உனக்கு நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டு. அண்ணாவின் பழைய கணினியை நம்பி நீ படித்தாய். மின்சாரம் நின்ற அந்த விநாடியே திரையும் அணைந்துவிடும். நீ தட்டச்சு செய்த ஒப்படை இரண்டு தடவை அப்படிப் போனது. வருடக் கணக்கில் செருகியபடியே வைத்திருந்த கணினி அது. பிறகு ஒரு நாள் அதன் தொடுபலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதைக் கண்டு கழற்றுவித்தேன். உள்ளே பற்றரி அப்பளம் போல உப்பியிருந்தது. நீ மெழுகுதிரிக்கு முன்னால் கொப்பியை விரித்துக்கொண்டு அழாமல் இருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தக் கணினிக்காக அம்மா சீட்டுக்காசை எடுத்துத் தந்ததற்கு அந்த இரவுகள்தான் காரணம்.

நல்லூர்த் தேருக்கு வரும்போது இரவு பஸ்ஸில் ஏறுமுன் கணினியை முழுதாக அணைத்துவிடு. மூடிய மாத்திரத்தில் அது தூங்கிவிட்டது என்று நம்பாதே. பைக்குள் தானாக விழித்து, காற்றில்லாமல் கொதிக்கும். எஞ்சின் பக்கத்து இருக்கைக்கு அடியில் பையைத் திணிக்காமல் மடியில் வைத்துக்கொள். வீட்டுக்கு வந்ததும் பற்றரியின் இப்போதைய கொள்ளளவை எடுத்துப் பார்ப்போம். வாங்கிய அன்று இருந்த அளவை நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மா பனங்கட்டியும் ஒடியல் மாவும் கட்டி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா