இலங்கைச் சினிமாவின் ஆரம்ப காலம்: கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சிறிய கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எங்களைத்தான் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் மேசைகளில் இருந்தவற்றில் முக்கால்வாசி உங்கள் வீட்டு அலுமாரிகளிலிருந்து வந்தவை. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதல் நன்றி, தன் அம்மாவின் சினிமாப் பாட்டுப் புத்தகங்களை நம்பித் தந்த கொட்டாஞ்சேனை அக்காவுக்கு. அட்டை கழன்று, கம்பி துருப்பிடித்து, தாளெல்லாம் பழுப்பேறிப்போன புத்தகங்கள். ஒன்றில் சிங்களப் பாட்டு வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருக்கிறது. சிங்களம் வாசிக்கத் தெரியாத அந்த அம்மா, சிங்களப் பட நடிகையும் பாடகியுமான ருக்மணி தேவியின் பாட்டைத் தானும் பாட ஆசைப்பட்டு யாரிடமோ கேட்டு எழுதியது. ருக்மணி தேவியே டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்ற பெயரில் பிறந்தவர்தான் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்தோம். அந்த மேசையை விட்டு ஆட்கள் நகரவே இல்லை.

மதுரையிலிருந்து உதவிய தம்பிக்கும் நன்றி. முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஜனவரி 21 அன்று கொழும்பில் வெளியானது. எடுத்தது மதுரை சித்ரகலா மூவிடோனில். இங்கே அப்போது அதற்கான ஸ்டூடியோ இல்லை, நடிகர்கள்தான் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. தயாரிப்பாளர் எஸ்.எம். நாயகம் தமிழர், இயக்குநர் ஜோதிஷ் சிங் வங்காளி, கதை சிங்கள நாடகக்காரர் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவுடையது. அதே ஆண்டு வந்த ‘அசோகமாலா’வும் கோவையில் எடுத்ததுதான். ஒரு நாட்டின் சினிமா இத்தனை பேர் கைபட்டுப் பிறந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினோம். தம்பி அனுப்பிய பழைய மதுரைப் படங்கள் இல்லாவிட்டால் அது வெறும் பேச்சாகப் போயிருக்கும்.

தியேட்டரில் படம் ஓட்டிய ஒப்பரேட்டர் ஐயாவை எப்படி மறப்பது! எண்பது வயதைத் தாண்டியவர், கதிரையில் உட்காரவே மறுத்துவிட்டார். அந்தக் காலப் புரொஜெக்டருக்கு வெளிச்சம் தந்த இரண்டு கார்பன் குச்சிகளைக் கையில் பிடித்து, அவை எரிய எரிய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை இருண்டுவிடும் என்று செய்தே காட்டினார். ரீல் முடியப்போவதைச் சொல்ல, படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்து அடுத்த புரொஜெக்டருக்கு மாற்ற வேண்டுமாம். பள்ளிப் பிள்ளைகள் அவரை விடவே இல்லை.

குறிப்புகளையெல்லாம் சிங்களத்தில் எழுதித் தந்த பக்கத்து வீட்டு நோனாவுக்கும், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘ரேகாவ’ என்ற சிங்களப் படத்தைப் பற்றிப் பேசிய ஆசிரியருக்கும் நன்றி. 1956இல் அந்தப் படம் ஸ்டூடியோவை விட்டு ஊருக்குள் போனதை அவர் விளக்கியது அருமை. அப்புறம், சாப்பாடு அனுப்பிய வீடுகளுக்கும், மேசை தூக்கிய பெடியன்களுக்கும்.

ஈழத்துத் தமிழ்ப் படங்களின் சுவர் மட்டும் வெறுமையாகவே இருந்தது. ‘சமுதாயம்’ (1962), ‘தோட்டக்காரி’ (1963) இரண்டுக்கும் பெயர்ப்பலகைதான் வைக்க முடிந்தது. ஒரு நோட்டீஸோ, டிக்கெட் துண்டோ வீட்டில் கிடந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நாங்களே வந்து படமெடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம். இரவல் தந்தவர்களின் பொருட்களை இந்தக் கிழமைக்குள் வீட்டுக்கே கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர் சார்பில்