அப்பாவின் படத்தோடு அந்த மனுவையும் கொண்டுவாருங்கள்

குமரி மாவட்டத்து அரசியல் குடும்பங்களில் பிறந்து, சட்டமன்றத்துக்குப் போகத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், பாசனச் சானல்கரையை ஒட்டி ஐம்பது சென்டில் ஏத்தன் வாழை போடுகிறவன் எழுதுகிறேன். என்னிடம் இப்போது எந்தக் கட்சியின் கார்டும் இல்லை. முன்பு ஒன்று இருந்தது, புதுப்பிக்கவில்லை.

வாரிசு என்று உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 25 வயதாகி, வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் சட்டமன்றத்துக்கு நிற்கலாம். இன்னார் பிள்ளை நிற்கக்கூடாது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. அதோடு, அரசியல் வீட்டில் வளர்வதில் ஒரு லாபமும் உண்டு. பத்து வயதிலேயே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கல்யாண மண்டபம், சாவு வீடு, அடியந்திரம் என்று சுற்றிவிடுகிறீர்கள். எந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும், எந்த ஊரில் யாருக்கும் யாருக்கும் ஆகாது, எந்த அதிகாரி எத்தனை மணிக்குப் போன் எடுப்பார், எல்லாம் அத்துப்படி. புதிதாக வருகிறவன் இதைப் படித்து முடிப்பதற்குள் அவனுடைய ஐந்து வருஷமும் ஓடிவிடும்.

சரி, ஆனால் ரத்த உறவு பார்த்தே ஓட்டுப் போட்டுவந்த மாவட்டம் இல்லை இது. 1956 நவம்பர் 1ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கான போராட்டத்தில் முன்னால் நின்றவர் நேசமணி. 1968ல் அவர் காலமானதும் நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. நின்றவர் காமராஜர். 1967ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றிருந்த மனிதர், கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர். 1969ல் அவரை ஜெயிக்கவைத்தோம், 1971லும். அதற்கு முன்பே, 1957ல் குளச்சலில் இருந்து சட்டமன்றத்துக்குப் போன லூர்தம்மாள் சைமன், மீனவ சமூகத்துப் பெண். காமராஜர் அமைச்சரவையில் மந்திரியாக இருந்தார். இதையெல்லாம் எங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஏதோ தானே ஜெயித்த மாதிரி சொல்லுவார்.

குடும்பம் என்று வந்தால் குமரி அனந்தனின் ஊரான அகஸ்தீஸ்வரத்தை விட்டுவிட முடியாது. அவர் 1977ல் நாகர்கோவிலில் இருந்து மக்களவைக்குப் போனார். அங்கே தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காக மல்லுக்கட்டினார். தம்பி வசந்தகுமார் 2006லும் 2016லும் நாங்குநேரி எம்.எல்.ஏ., 2019ல் கன்னியாகுமரி எம்.பி. 2020 ஆகஸ்டில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அடுத்த வருஷம் நடந்த இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் ஜெயித்தார். குமரி அனந்தனின் மகள் தமிழிசையோ அப்பாவின் காங்கிரஸ் பக்கமே போகவில்லை. பாஜகவில் சேர்ந்து, பல தேர்தல்களில் தோற்று, அந்தக் கட்சியின் மாநிலத் தலைவராகி, 2019ல் தெலங்கானா ஆளுநரானார். அவருடைய கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் அப்பா வெட்டிவைத்த வழி கண்முன்னே இருக்க, வேறு வழி வெட்டிக்கொண்டு போவது லேசான காரியமில்லை.

இனி என் கதை. பேரும் பதவியும் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

1998ல் எங்கள் ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர் வரும் கிளைச் சானலில் மடை ஷட்டர் துருப்பிடித்து உடைந்துவிட்டது. தண்ணீர் வழியிலேயே ஓடைக்குப் போய்விடும், கடைமடைக்கு எட்டாது. இருபத்திமூன்று பேர் கையெழுத்துப் போட்டு, கார்பன் வைத்து எழுதிய மனுவை அப்போதைய தலைவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். நல்ல மனிதர். கட்டஞ்சாயா வாங்கித் தந்து, உட்காரவைத்துப் படித்தார். ஓரத்தில் ‘ஆவன செய்க’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். ஷட்டர் வரவில்லை. நெல் வயல் வாழையானது, வாழையில் பாதி பிளாட் ஆகிவிட்டது.

வருஷங்கள் கழித்து அவர் மகன் ஓட்டுக் கேட்டு வந்தார். சந்திப்பில் வைத்திருந்த பிளக்ஸில் அப்பா கதவு அளவுக்கு இருந்தார். மகன் வலது மூலையில் கைகூப்பிக்கொண்டு சின்னதாக. (அடுத்த தேர்தலில் மகன் கதவாகி, அப்பா தபால்தலையாகிவிட்டார்.) என் வீட்டு முற்றத்தில் நின்று, “அப்பா உங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க அண்ணாச்சி” என்றார். எனக்கும் சந்தோஷம்தான். உள்ளே போய் அந்தக் கார்பன் நகலை எடுத்துவந்து நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. கூட வந்த பையனைப் பார்த்தார். அவன் போனில் இரண்டு படம் எடுத்தான். ஒன்று மனுவை, இன்னொன்று மனுவோடு சேர்த்து எங்கள் இருவரையும். சாயங்காலம் இரண்டாவது படம் வாட்ஸ்அப்பில் வந்தது, ‘மக்கள் குறை கேட்டறிந்தார்’ என்று. முதல் படம் எங்கே போனதோ.

அப்பாவின் பேர், கட்சி, கார், வீட்டு வாசலில் கூடும் கூட்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறவர்கள் அவர் பாக்கி வைத்ததை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. கடைக்காரர் செத்தால் மகன் கல்லாவில் உட்காருகிறான். பற்று நோட்டையும் அவன்தான் பார்க்க வேண்டும். நமக்கு வரவேண்டியது மட்டும் என்று நோட்டில் பாதியைக் கிழித்துக்கொள்ள முடியுமா?

தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி என்கிறார்கள். நிழற்குடைக்கும் அங்கன்வாடிக் கட்டடத்துக்கும் அது போகட்டும். நான் சொல்வது காசு கேட்காத வேலை. உங்கள் அப்பாவோ அம்மாவோ சட்டமன்றத்தில் பேசியதெல்லாம் அவைக் குறிப்பில் அச்சாகிக் கிடக்கிறது. எடுத்துப் படியுங்கள். அவர்கள் கேட்ட கேள்விக்கு மந்திரி ‘செய்து தரப்படும்’ என்று பதில் சொல்லியிருந்தால், அது நடந்ததா என்று பார்ப்பதற்கென்றே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது. மனுக்கள் குழு வேறு இருக்கிறது. கேள்வி நேரத்தில் எழுந்து, “இதே அவையில் என் தந்தை இன்ன வருஷம் கேட்டார், இன்னும் ஆகவில்லை” என்று ஒரு பிள்ளை சொல்லட்டும். வாரிசு என்று யாராவது வாய் திறந்தால் நான் சண்டைக்கு வருகிறேன்.

ஒக்கி புயல் அடித்து ஓய்ந்த பிறகு 2017 டிசம்பரில், கடலில் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அன்றைக்கு யாரும் வருகிறவரின் அப்பா யார் என்று கேட்கவில்லை. ஆள் வந்தாரா, போனை எடுத்தாரா என்றுதான் கேட்டார்கள்.

கார்பன் நகல் ஓரமெல்லாம் பொடிந்துவிட்டதால் நாலு ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். எழுத்து மங்கின இடத்தில் மேலே பேனாவால் எழுதியிருக்கிறேன். இருபத்திமூன்று பேரில் ஒன்பது பேர் இப்போது இல்லை. ஓட்டுக் கேட்டு வரும்போது முற்றத்தோடு திரும்பிவிடாமல் கொல்லைப்பக்கமாகச் சானல் வரைக்கும் வாருங்கள், ஷட்டர் இருந்த இடத்தைக் காட்டுகிறேன். வரப்பு வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு வருவது நல்லது.

இப்படிக்கு,
சானல்கரை வாழைக்காரன்