செயலாளரின் ஆண்டறிக்கை: 2025 சைக்கிள் பந்தயப் பருவமும் நம் பார்வைக் குறிப்புகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. மிலான்–சான் ரெமோ, பாரி–ரூபே ஆகிய ஒருநாள் பந்தயங்களுக்கும், இத்தாலியின் ஜீரோ, ஆடவர் மற்றும் மகளிர் டூர் டி பிரான்ஸ், ஸ்பெயினின் வுவெல்டா ஆகிய பலநாள் பந்தயங்களுக்கும் கூட்டுப் பார்வை நடத்தினோம். ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாக, ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பையும் சேர்ந்து பார்த்தோம். புதிய உறுப்பினர்களுக்கான அறிமுக வகுப்பு ஒருமுறை நடந்தது. வழக்கமான பணிகள் இவ்வளவே.

இனி, இந்த ஆண்டின் பெரும் உழைப்பை எடுத்துக்கொண்ட பார்வைக் குறிப்புப் படிவத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பல பேச்சுகள் எழுந்ததால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் நேரலையின் தரம் குறித்து உறுப்பினர்கள் மனக்குறைகளைக் கொட்டினார்கள். "படம் சரியில்லை", "வர்ணனை மோசம்", "முக்கியமான நேரத்தில் வழியிலுள்ள கோட்டையைக் காட்டுகிறார்கள்" என்பவை அவற்றுள் சில. எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் எந்த ஸ்டேஜில் (பலநாள் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டத்தில்), எத்தனை கிலோமீட்டர் மீதமிருக்கும்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒருவரிடமும் பதிலில்லை. அப்படிப்பட்ட கருத்தை ஒளிபரப்பாளருக்கு அனுப்பினால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். ஆகவே ஏழு கட்டங்கள் கொண்ட ஒரு படிவம் அச்சிட்டோம்: பந்தயமும் ஸ்டேஜும், எந்த ஒளிபரப்பில் பார்த்தது, மீதமுள்ள கிலோமீட்டர், திரையில் இருந்தது, இருந்திருக்க வேண்டியது, எத்தனை விநாடி, குறை மூலப் படத்திலா, ஒளிபரப்பாளரின் சேர்க்கையிலா.

கடைசிக் கட்டம்தான் பலரைத் தடுமாற வைத்தது. டூரின் படத்தைப் பிரான்சின் பொதுத் தொலைக்காட்சியான பிரான்ஸ் டெலிவிசியோனும் ஜீரோவின் படத்தை இத்தாலியின் ராயும் தயாரிக்கின்றன. உலகம் முழுவதும் போவது அந்த ஒரே படம்தான். நமக்குக் காட்டும் நிறுவனம் அதன்மேல் வர்ணனையையும் விளம்பரத்தையும் ஏற்றுகிறது. எந்தக் கேமராவைத் தேர்ந்தெடுப்பது என்பது அதன் கையில் இல்லை. குறை எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு உறுப்பினர்கள் இரண்டு வெவ்வேறு ஒளிபரப்புகளில் அதே பந்தயத்தைப் பார்ப்பது. இரண்டிலும் அதே இடத்தில் படம் உறைந்தால் கோளாறு மூலத்தில். ஒன்றில் மட்டும் என்றால் அந்த நிறுவனத்தில், அல்லது நம் இணைய இணைப்பில். இணைய வழி நேரலை பல விநாடிகள் பின்தங்கி வரும் என்பதால் கடிகார நேரத்தை வைத்து ஒப்பிடக் கூடாது. மீதமுள்ள கிலோமீட்டரை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். படிவத்தில் அந்தக் கட்டம் இருப்பதற்குக் காரணம் இதுவே.

மழை நாளில் படம் அறுந்தால் உடனே சேனலைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. காரணம் வேறு. மோட்டார்சைக்கிளில் பின்னால் அமர்ந்திருக்கும் ஒளிப்பதிவாளரின் படம் நேராக முடிவுக்கோட்டருகே நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்குப் போவதில்லை. வானில் வட்டமிடும் விமானத்துக்கோ ஹெலிகாப்டருக்கோ போய், அங்கிருந்து தரையிலுள்ள ஏற்பி நிலையத்துக்கு இறங்குகிறது. வானிலை கெட்டு அவை பறக்க முடியாவிட்டால் சாலையில் எத்தனை கேமரா இருந்தும் பயனில்லை. முடிவுக்கோட்டருகே கம்பியில் இணைந்த நிலைக்கேமராக்கள் மட்டுமே மிஞ்சும். அடர்ந்த காடும் சுரங்கப்பாதையும் சற்று நேரத்துக்கு அதே வேலையைச் செய்யும். இந்த வகைக் குறிப்புகளைத் தனியாகப் பிரித்துவிட்டோம். யாரையும் குறை சொல்ல முடியாத இடத்தில் குறை சொன்னால், சொல்ல வேண்டிய இடத்தில் நம் பேச்சு எடுபடாது.

படிவங்களில் மிக அதிகமாக வந்த குறை கால இடைவெளி பற்றியது. என் கருத்தில் நியாயமான குறையும் அதுதான். சைக்கிள் பந்தயத்துக்கு மற்ற விளையாட்டுகளைப் போல ஒரே களம் இல்லை. தப்பிய குழு ஓரிடம், துரத்தும் குழு ஓரிடம், பெலட்டன் எனும் பெருங்கூட்டம் ஓரிடம். இவற்றை ஒரே ஆட்டமாக்கிக் கட்டுவது திரையோரத்து இடைவெளி எண் ஒன்றுதான். அது இல்லாத நேரத்தில் நாம் பார்ப்பது சாலையில் போகும் சிலரை, பந்தயத்தை அல்ல.

அந்த எண் ஏன் தாவுகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். டூரில் 2015 முதல் இருக்கையின் அடியில் பொருத்தப்பட்ட ஜிபிஎஸ் கருவிகளிலிருந்து இடைவெளி கணக்கிடப்படுகிறது. அதற்கு முன்பிருந்தே மோட்டார்சைக்கிளில் வந்து கரும்பலகையில் எழுதிக் காட்டுபவரும் உண்டு. குழு உடையும்போது எவரிலிருந்து எவர் வரை அளப்பது என்பது மாறும்; எண்ணும் மாறும். கருவியிலிருந்து தகவல் வராத இடத்தில் பழைய எண்ணே நின்றுவிடும். தூரத்தையும் காலத்தையும் குழப்பிக்கொள்வது நம் பக்கத் தவறு. 100 மீட்டர் இடைவெளி, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் சமதளத்தில் 6 விநாடி. அதே 100 மீட்டர், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏறும் செங்குத்து ஏற்றத்தில் 24 விநாடி. "பக்கத்தில்தானே இருக்கிறார், ஏன் பிடிக்கவில்லை?" என்று ஏற்றத்தில் கேட்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

எண் திரையில் இல்லாதபோது நாமே அளக்கலாம். முன்னே போகிறவர் ஒரு பெயர்ப்பலகையையோ பாலத்தையோ தனித்து நிற்கும் மரத்தையோ கடக்கும்போது கைக்கடிகாரத்தை ஓடவிட்டு, துரத்துகிறவர் அதே பொருளைக் கடக்கும்போது நிறுத்த வேண்டும். இரண்டு காட்சிகளும் நேரலையாக இருக்க வேண்டும். நடுவில் மறுஒளிபரப்புத் துண்டு புகுந்தால் அந்த அளவைத் தள்ளிவிட வேண்டும். முன்னால் போகும் மோட்டார்சைக்கிளிலிருந்து நீளக்குவியக் கண்ணாடியில் (டெலிஃபோட்டோ லென்ஸ்) எடுத்த படத்தை நம்பி மட்டும் இடைவெளியைச் சொல்லாதீர்கள். அந்தக் கண்ணாடி தூரத்தை மடக்கிக் காட்டும். 20 விநாடி பின்னால் இருப்பவர் முதுகைத் தொடுவதுபோலத் தெரிவார். ஹெலிகாப்டரின் பக்கவாட்டுக் காட்சி வந்தால்தான் உண்மை விளங்கும்.

வர்ணனையாளர் ராபர்ட் ஷப்பாத்தின் பெயரால் வழங்கும் பழைய கணக்கையும் அறிமுக வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம்: பெலட்டன் முனைந்து துரத்தினால் 10 கி.மீ.க்கு 1 நிமிடம் வீதம் மீட்கும். 30 கி.மீ. மீதமிருக்கும்போது 3 நிமிடம் என்றால் போட்டி சமநிலையில் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவாவது இடைவெளி எண் திரையில் இருந்தாக வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இந்த ஆண்டு இதற்கு மிகச் சிறந்த சான்று ஜீரோவின் 20ஆம் ஸ்டேஜ். கோலே டெல்லெ பினெஸ்ட்ரே ஏற்றத்தில் சைமன் யேட்ஸ் தனியாகப் போனார். அன்று காலை, மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டை இசாக் தெல் டோரோவிடம். ரிச்சர்ட் கராபாஸ் 43 விநாடி பின்னால், யேட்ஸ் 1 நிமிடம் 21 விநாடி பின்னால். ஆகவே பார்வையாளருக்கு வேண்டியது சாலையில் உள்ள இடைவெளி மட்டுமல்ல. அது 1:21ஐத் தாண்டும் கணத்தில் யேட்ஸ்தான் பந்தயத்தின் தலைவர். பின்னால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்ததன் முழுப் பொருளும் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. முடிவில் அவர் 3 நிமிடம் 56 விநாடி முன்னிலையில் ஜீரோவை வென்றார். சாலை இடைவெளியையும் மொத்த நேர இடைவெளியையும் அருகருகே காட்ட வேண்டும் என்ற நம் கோரிக்கைக்கு இந்த ஸ்டேஜைத்தான் எடுத்துக்காட்டாக இணைத்திருக்கிறோம்.

விதி மாற்றங்களைத் திரையில் எழுத்தாகக் காட்ட வேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை. டூரின் கடைசி நாளில், மோன்மார்த்ர் ஏற்றம் சேர்ந்த பாரிஸ் சுற்றில், மழையால் மொத்த நேரம் முன்னதாகவே எடுக்கப்பட்டது. வுவெல்டாவில் பில்பாவோவில் முடிவுக்கோட்டுக்கு 3 கி.மீ. முன்பே நேரம் எடுக்கப்பட்டு, வெற்றியாளர் இல்லாமலே ஸ்டேஜ் முடிந்தது. நடுவில் வந்து உட்கார்ந்தவருக்கு வர்ணனையாளர் எப்போதோ சொன்னது எப்படித் தெரியும்? ஒரு வரி எழுத்தைத் திரையின் அடியில் நிறுத்தி வைத்தால் போதும்.

கோட்டைக் காட்சிகளைப் பற்றி உறுப்பினர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. 2017 முதல் டூரின் எல்லா ஸ்டேஜ்களும் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலை. ஐந்து மணி நேரத்தில் பெலட்டன் அமைதியாக உருளும் பொழுதே அதிகம். ஸ்டேஜை நடத்தும் ஊர்கள் பணம் கட்டுவதும் தங்களைக் காட்டுவதற்காகத்தான். 120 கி.மீ. மீதமிருக்கும்போது கோட்டை வரட்டும். 12 கி.மீ. மீதமிருக்கும்போது வந்தால் படிவத்தில் எழுதுங்கள். பாரி–ரூபேயில் பின்னால் நடக்கும் டயர் பஞ்சர்களைக் காட்டவில்லை என்று வந்த குறிப்புகளையும் சேர்க்கவில்லை. குறுகிய கற்சாலையில் மோட்டார்சைக்கிள் வீரர்களைத் தாண்டிப் பின்னும் முன்னும் போக முடியாது; போகவும் கூடாது. 2016 டூரில் மோன் வென்ட்டூ மலையில் கூட்டத்தால் நின்றுபோன மோட்டார்சைக்கிளில் ரிச்சி போர்ட் மோதியதை எவரும் மறந்திருக்க மாட்டோம். அருகில் போகும் மோட்டார்சைக்கிள் காற்றுத் தடையைக் குறைத்துப் பந்தயத்தின் போக்கையே மாற்றக்கூடும் என்பதும் தெரிந்ததே. படம் வேண்டும் என்பதற்காக வீரரின் உயிரோடும் பந்தயத்தின் நேர்மையோடும் விளையாடச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

மகளிர் பந்தயங்களில் நிலைமை வேறு. அங்கே குறை காட்சித் தேர்வில் அல்ல, நேரலை தொடங்கும் நேரத்தில். 2021இல் நடந்த முதல் மகளிர் பாரி–ரூபேயில் லிஸ்ஸி டெய்க்னன் 80 கி.மீ.க்கு மேல் மீதமிருக்கும்போது தனித்துப் போனார், வென்றும் விட்டார். நேரலை தொடங்கியபோது அவர் ஏற்கெனவே முன்னால் இருந்தார். பந்தயத்தைத் தீர்மானித்த கணத்தை உலகம் பார்க்கவேயில்லை. மகளிருக்கான உயர்நிலைத் தொடரான மகளிர் வேர்ல்ட் டூர் பந்தயங்களுக்குக் குறைந்தது 45 நிமிட நேரலை என்பது 2020 முதல் விதி; குறைந்தபட்சத்தையே போதுமென்று எடுத்துக்கொண்டால் இதுதான் நடக்கும். ஒன்பது ஸ்டேஜ்களாக நடந்த இந்த ஆண்டின் மகளிர் டூருக்கு வந்த படிவங்கள் மிகக் குறைவு என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். நேரலை வேண்டும் என்று கேட்பவர்கள் அதைப் பார்த்துக் குறிப்பெழுதவும் வேண்டாமா?

தொகுப்பை உரிமை பெற்ற ஒளிபரப்பாளருக்கு அனுப்பினோம். கிலோமீட்டரும் விநாடியும் குறித்த பகுதிகளுக்கு மட்டும் தனித்தனியே பதில் வந்தது. கடைசி 20 கி.மீ.யில் விளம்பரத்தைச் சிறு சட்டத்தில் காட்டிப் படத்தைத் தொடர்வது குறித்துப் பரிசீலிப்பதாக எழுதியிருக்கிறார்கள். "படிவத்துக்காகச் செயலாளர் சங்கத்தின் ஆண்டையே செலவழித்துவிட்டார்" என்று சொன்னவர்கள் அந்தக் கடிதத்தை அலுவலகக் கோப்பில் படித்துப் பார்க்கலாம்.

"பார்த்து ரசிக்கத்தான் வந்தோம், கணக்கெழுத வரவில்லை" என்ற பேச்சும் காதில் விழுந்தது. ஒரு ஸ்டேஜுக்கு மூன்று வரி எழுத இரண்டு நிமிடம் போதும். படிவம் வாங்கியவர்களில் பாதிக்கும் குறைவானோரே திருப்பித் தந்தார்கள். தந்தவற்றிலும் "நன்றாக இல்லை" என்று ஒரே வரி எழுதியவை உண்டு. கூட்டுப் பார்வைக்குக் கடைசி ஸ்டேஜன்று அரங்கம் நிரம்புகிறது. முடிவு தீர்மானமாகும் மலை ஸ்டேஜன்று நாற்காலிகள் காலி. மூன்று செயற்குழுக் கூட்டங்களுக்குத் தகவல் இன்றி வராத உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களை இங்கே வாசிக்க விரும்பவில்லை, பதிவேட்டில் உள்ளன.

சந்தா பாக்கியும் சொல்லியே ஆக வேண்டியது. இரண்டு ஆண்டுகளாகக் கட்டாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வழிகளில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இணைப்புகள் வேண்டும். இணைப்புக் கட்டணமோ எங்கும் ஏறிக்கொண்டே போகிறது. சைக்கிள் பந்தயங்களை இணையத்தில் காட்டிய ஜிசிஎன் பிளஸ் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பிரிட்டனில் 2025 பிப்ரவரியோடு யூரோஸ்போர்ட் விளையாட்டுச் சேனல் நின்று, மாதம் 6.99 பவுண்டுக்குப் பார்த்தவர்கள் 30.99 பவுண்டு கட்டும் நிலை வந்தது. தனியாகக் கட்ட முடியாததைச் சேர்ந்து கட்டத்தான் சங்கம்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். சுருக்கமாக, வரவு செலவைப் பெரும்பாலும் தாங்கியது. இருப்பு சென்ற ஆண்டைவிடச் சிறிது குறைவு. அச்சுச் செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடியது. காரணம் படிவங்களை இருமுறை திருத்தி அச்சிட்டது. தணிக்கையாளர் கணக்கைப் பார்த்துக் கையொப்பமிட்டுள்ளார்.

வழிகாட்டிய தலைவருக்கும், கணக்கைக் காத்த பொருளாளருக்கும், அரங்கம் தந்தவர்களுக்கும், திரையும் ஒலிபெருக்கியும் பொருத்தித் தந்த நண்பர்களுக்கும், ஒரு பந்தயம் விடாமல் படிவம் எழுதித் தந்த சில உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு மூன்று திட்டங்கள் உள்ளன: மகளிர் பந்தயங்களுக்குத் தனிப் படிவம், வர்ணனையில் வீரர்களைத் தவறாக அடையாளம் சொன்ன இடங்களின் பட்டியல், வீரர்கள் கடிகாரத்தை எதிர்த்துத் தனித்தனியே ஓட்டும் நேரச் சோதனை ஸ்டேஜ்களில் இடைநிலை நேரங்கள் திரைக்கு வரும் தாமதத்தை அளப்பது. பட்டியலை எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வர்ணனையாளர்கள் பலர் நம்மைப்போலவே திரையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஆகவே தலைக்கவச நிறம், முதுகு எண், தேசியச் சாம்பியன் சட்டை ஆகியவற்றில் ஒன்றாவது தெளிவாகத் தெரிந்தும் தவறு நேர்ந்ததா என்று பார்த்து எழுதுங்கள்.

இவற்றைத் தனியொருவர் செய்ய முடியாது. பந்தயத்துக்கு இருவர் வீதம் பொறுப்பேற்க வேண்டும். இன்று வரை பட்டியலில் பெயர்கள் போதவில்லை. செயலாளர் பொறுப்புக்கு வேறு எவரேனும் முன்வந்தால் கோப்புகளை முழு மனத்தோடு ஒப்படைக்கிறேன். படிவம் மட்டும் நின்றுவிடக் கூடாது. மார்ச்சில் மிலான்–சான் ரெமோ. அதற்கு முன் பாக்கிச் சந்தாவைப் பொருளாளரிடமும் பெயரை என்னிடமும் தர வேண்டுகிறேன். புதிய படிவங்கள் வாசலருகே மேசையில் உள்ளன.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்